யார் முறை?

ஓய்வெடுக்க மனிதனுக்கு உரிமை உண்டா என்று கேட்டால் யாவரும் உண்டு என்றே கூறுவர். அந்த ஓய்வை அவனுக்கு ஆக்கித் தருபவர் யார் என்று தொடர்ந்து கேட்டால் பலர் பேச்சை மாற்றிவிடுவர். நானும் பல ஆண்டுகள் அப்படி மாற்றியவனே. 2023-ஆம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை மாலை, சென்னைத் துறைமுகத்தை விட்டு நகர்ந்துகொண்டிருந்த கப்பலின் மேல்தளத்தில், அக்கேள்வியிலிருந்து நழுவ வழியின்றி நின்றேன். அன்று எழுந்த எண்ணங்களையே இங்கு எழுதுகிறேன்.

அந்தப் பயணம் எப்படி வாய்த்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பங்குச் சாமியார் உல்லாசக் கப்பலில் போனாராமே என்று முகம் சுளிப்போர் இருக்கக்கூடும்.

என் தம்பி அருள்புரத்தில் பனியன் தைத்துக் கொடுக்கும் சிறு கம்பெனி நடத்துகிறான். பெரிய ஏற்றுமதியாளரிடம் துணியை வெட்டிய நிலையில் வாங்கி, தைத்து, பிசிறு நீக்கி, அயர்ன் செய்து திருப்பித் தரும் ஜாப் ஒர்க். அறுபது பேர் வேலை செய்கிறார்கள். திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் வந்தவர்களுக்கு அருள்புரம் தெரிந்திருக்கும். இருபுறமும் கம்பெனிகள், சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொதுநிலையம், மாலையில் தேநீர்க் கடைகளின் முன் கூடி நிற்கும் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் இளைஞர்கள். அவ்வூரில்தான் நானும் பணிபுரிகிறேன். எங்கள் தாயாருக்கு அப்போது எண்பது வயது. தம்பி வீட்டில் இருக்கிறார். அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. "ரெண்டு பிள்ளைங்களும் ஒரு வாரம் எங்கூட ஒரே இடத்துல படுத்து எந்திரிக்கணும்." நான் பதினைந்து வயதில் இளங்குருமடம் புகுந்தவன். தம்பி பதினான்கு வயதில் கைமடிக்கும் பையனாகத் திருப்பூருக்கு வந்தவன். அதன்பின் நாங்கள் மூவரும் ஒரே அறையில் ஓர் இரவு உறங்கியதில்லை.

சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் பயணம் 2022 ஜூன் 4 அன்று தொடங்கியது. 1990-இல் பிரான்ஸ் நாட்டில் கட்டப்பட்டதும் 211 மீட்டர் நீளமுடையதுமான ‘எம்பிரஸ்’ என்னும் கப்பலை அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வழியனுப்பி வைத்தார். மறு ஆண்டு ஜூன் மாதம் இலங்கைத் துறைமுகங்களுக்கும் கப்பல் செல்லலாயிற்று. செய்தித்தாளில் இதைப் படித்த தம்பி, தன் வழக்கப்படி எவரையும் கேளாமல் ஐந்து இரவுப் பயணத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டான். "வீட்டுல இருந்தா போன் வரும், நான் கம்பெனிக்குக் கிளம்பிருவேன். கடல்ல யாரும் என்னைக் கூப்பிட முடியாதில்ல அண்ணே" என்றான். எனக்கும் சேர்த்து அவனே பணம் கட்டியிருந்தான். ஆயரின் அனுமதியோடு நானும் கிளம்பினேன். மறுக்க மனம் வரவில்லை என்பதைவிட, போக ஆசையாயிருந்தது என்பதே உண்மை.

கப்பலில் முதல் நாள் என்பது ஒரு சிறிய குடியேற்றம். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு, அறை எண் எழுதிய சீட்டைக் கட்டிவிடுகிறார்கள். பல மணி நேரம் கழித்து அவை நம் கதவருகே வந்து நிற்கின்றன. ஆகவே அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை நாங்கள் தாமதமாகவே அறிந்தோம். கையில் ஓர் அட்டை தருகிறார்கள். அதுவே திறவுகோல், அதுவே அடையாளச் சீட்டு, அதுவே பணப்பை. தம்பியின் மனைவியும் பிள்ளைகள் இருவரும் ஓர் அறை. அம்மாவும் நாங்கள் இருவரும் அடுத்த அறை. அம்மாவுக்குச் சன்னலோரக் கட்டில், எனக்கு எதிர்ச்சுவரோரம் ஒன்று, சுவரிலிருந்து மடக்கி இறக்கும் மேல்படுக்கை தம்பிக்கு. அருள்புரத்தில் அவன் வீட்டுச் சமையலறை இதைவிடப் பெரியது. ஒருவர் நடந்தால் மற்ற இருவரும் உட்கார வேண்டும். ஒருவர் குளியலறைக் கதவைத் திறந்தால் அலமாரிக் கதவை மூட வேண்டும். முதல் அரை மணி நேரம் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டும் இருந்தோம். சொந்தத் தாயிடமும் தம்பியிடமும் மன்னிப்புக் கேட்பது விந்தையாக இருந்தது. நாற்பது ஆண்டுகளில் நாங்கள் விருந்தாளிகளாகிப் போயிருந்தோம்.

அம்மா கட்டிலில் அமர்ந்து சன்னல் வழியே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இதுல தளத்துல பாய் விரிச்சுப் படுக்கிறவங்க எந்தப் பக்கம் இருப்பாங்க?"

"இப்போ அப்படி யாரும் இல்ல அப்பத்தா" என்றாள் தம்பி மகள்.

அக்கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அம்மாவின் தந்தை 1950-ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறிப் பினாங்கு சென்றவர். 1926-இல் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தமிழரைச் சுமந்தது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு உரிமம் இருந்தது. தளப் பயணி என்றால் அறையில்லாதவர். தன் பாயே தன் அறை. ஏழு வயதுச் சிறுமியாக இருந்த என் தாயார் கரையில் நின்று, தம் தந்தையை ஏற்றிய படகு வெகுதொலைவில் நங்கூரமிட்டிருந்த கப்பலை நோக்கிப் போவதைக் கண்டவர். கப்பல் என்ற சொல்லுக்கு அவர் அகராதியில் அன்று முதல் ஒரே பொருள்தான்: அப்பா வீட்டில் இல்லை.

தாத்தா இறுதிக் காலத்தில் அந்த முதல் நாளைப் பற்றிச் சொல்வதுண்டு. கப்பலில் ஏறியதும் யாவரும் ஓடுவார்களாம். இயந்திர வெப்பம் தாக்காத இடம், மழைச்சாரல் படாத இடம், கழிப்பறை நாற்றம் வராத இடம் பிடித்துப் பாய் விரிப்பதற்கு. பிந்தி ஏறியவர்களுக்குப் பாதையோரமே மிஞ்சும். இரவானதும் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பெண் அங்கே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அதன்பிறகு ஒருவர் பாயை நகர்த்தினார். இன்னொருவர் காலை மடக்கினார். "முறை வச்சுப் படுத்தோம்" என்பார் தாத்தா. பாதி இரவு நீ உள்ளே, பாதி இரவு நான் உள்ளே. தாத்தா இதை இனிய கதையாகச் சொன்னதில்லை. மேல்தளத்தில் அறை எடுத்த வெள்ளையர் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் அவர் மறக்கவில்லை. அவர்களுடைய முறை ஒருநாளும் கீழே இறங்கி வரவில்லை.

அம்மா கேட்ட கேள்விக்கு என் தம்பி மகள் சொன்ன விடை முழு உண்மையன்று என்பது எனக்குப் பிற்பாடு தோன்றியது. பெருங்கப்பல்களில் இன்றும் அடித்தளங்கள் உண்டு. அங்கு உறங்குவோர் பயணிகள் அல்லர், பணியாளர்.

எங்கள் அறைக்குப் பொறுப்பான பணியாளர் கதவைத் தட்டி வந்தார். இருபத்தெட்டு வயதிருக்கும். ஒடிசாவைச் சேர்ந்தவர். அம்மா அவரிடம் தமிழிலேயே கேட்டார்: "தம்பி, கல்யாணம் ஆயிருச்சா? பிள்ளைங்க எத்தனை?" தம்பி மொழிபெயர்க்க முன்வந்தான். அவனுக்கு இந்தி தெரியும் என்பதில் எங்கள் வீட்டாருக்குப் பெருமை. ஆனால் அவன் அறிந்த இந்தி கம்பெனித் தரையில் கற்றது. சீக்கிரம், எத்தனை பீஸ், இன்னும் எவ்வளவு பாக்கி, நாளைக்கு லீவு கிடையாது. அவற்றுள் அம்மாவின் கேள்விக்கு உதவும் சொல் ஒன்றுமில்லை. சற்றுத் தடுமாறி, "கித்னா பீஸ்?" என்று தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த இளைஞர் சிரித்துவிட்டார். தமக்கு எட்டு மாதப் பெண் குழந்தை இருப்பதாகவும், அது பிறந்தபோது தாம் கடலில் இருந்ததாகவும், இதுவரை செல்பேசித் திரையில் மட்டுமே பார்த்திருப்பதாகவும், இரண்டு மாதத்தில் ஒப்பந்தம் முடிந்து வீடு செல்லப் போவதாகவும் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா தம் துணிப்பையிலிருந்து ஓர் முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். முறுக்கு அந்த இளைஞருக்கா அல்லது 1950-இல் படகேறிய ஒருவருக்கா என்பது அம்மாவுக்கே தெரியுமோ என்னவோ.

கப்பல் புறப்படுவதற்கு முன்பாக அவசரகாலப் பயிற்சி. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் எழுந்ததும் ஒவ்வொருவரும் தமக்குக் குறிக்கப்பட்ட கூடுமிடத்துக்குச் செல்ல வேண்டும். இந்தப் பயிற்சி முதல் நாளிலேயே நடைபெறுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கடலோரம் ‘கோஸ்டா கான்கார்டியா’ என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. 32 பேர் மாண்டனர். அன்றுதான் கப்பலேறிய நூற்றுக்கணக்கானோர் பயிற்சியையே காணாதவர்கள். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அதுவரை விதி. 2015 முதல், புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனே நடத்தியாக வேண்டும் என்று அது திருத்தப்பட்டது.

கூடுமிடத்தில் எங்களை வரிசைப்படுத்தியவர் சற்றுமுன் எங்கள் படுக்கையை விரித்த அதே இளைஞர். இப்போது அவர் தலையில் ஒரு தொப்பி, குரலில் ஓர் அதிகாரம். "சார், உங்கள் பட்டை தவறு, கழற்றி மறுபடி கட்டுங்கள்" என்றார் தம்பியிடம். அறுபது பேருக்கு உத்தரவிட்டுப் பழகியவன் குழந்தையைப் போல் கையைத் தூக்கி நின்றான். எனக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, சற்று அச்சமாகவும் இருந்தது. இந்தக் கப்பல் மூழ்குமானால் நாங்கள் எவருடைய முறையில் படகேறுவோம் என்பதை முடிவு செய்யப் போகிறவர் அவர். அவருடைய முறை கடைசியில்தான் வரும்.

1912-இல் ‘டைட்டானிக்’ கப்பலில் இருந்த உயிர்காப்புப் படகுகள் 1,178 பேருக்கே போதும்; கப்பலில் இருந்தோர் 2,200 பேருக்கும் மேல். முதல் வகுப்புப் பயணிகளில் பத்தில் ஆறு பேர் தப்பினர். மூன்றாம் வகுப்பில் நான்கில் ஒருவரே. அந்தக் கப்பலில் தாமஸ் பைல்ஸ் என்ற ஆங்கிலேயக் குரு ஒருவர் இருந்தார். நியூயார்க்கில் தம் தம்பியின் திருமணத்தை நடத்தி வைக்கச் சென்றுகொண்டிருந்தவர். படகில் ஏறச் சொல்லி அழைத்தபோதும் மறுத்து, எஞ்சியிருந்தோரோடு செபித்தபடி மாண்டார். தம்பிக்காகக் கப்பலேறிய குருவின் கதை அன்று என் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. அவருடைய துணிவு எனக்கு இருக்கிறதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். ஆனால் அன்று என்னைச் சோதித்தது மரணமன்று. அதனினும் எளிய ஒன்று.

கரை மெல்ல விலகியது. மேல்தளத்தில் இசை முழங்கியது. சாய்வு நாற்காலிகளில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில் பலர் மும்முரமாயிருந்தனர். தாத்தா இருந்திருந்தால் சிரித்திருப்பார். தம்பி மட்டும் கைப்பிடிக் கம்பியோரம் நின்று செல்பேசியில் கத்திக்கொண்டிருந்தான். கரையோடு சேர்ந்து சிக்னலும் விலகிக்கொண்டிருந்தது. அருகில் சென்றபோது கேட்டது: "வர்ற ஞாயித்துக்கிழமையும் ஓட்டியாகணும். நேத்து ஓட்டின மாதிரிதான். பசங்களை ஊருக்கு விடாத."

நேற்று. முந்தைய நாள் ஞாயிறு மாலைத் திருப்பலியில் எங்கள் கோவிலின் கடைசி மூன்று வரிசைகள் காலியாக இருந்தன. ஒடிசா, ஜார்க்கண்ட் இளைஞர்கள் வழக்கமாக அமரும் இடம். நான் பீடத்திலிருந்து அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் எண்ணவில்லை; பயணத்துக்கு எதை எடுத்து வைப்பது என்ற யோசனையில் இருந்தேன்.

அவனிடம் கேட்டேன். மறைக்காமல் சொன்னான். ஐந்து நாள் தான் இல்லாமலிருக்க வேண்டுமானால் அதற்கு முன்பே பாதி லாட் முடிந்திருக்க வேண்டும். அதற்காகவே ஞாயிறும் ஒன்றரை ஷிப்ட் ஓடியது. மீதி லாட் அடுத்த ஞாயிறு இரவு முடிந்தால்தான் திங்கட்கிழமை தூத்துக்குடிக்குப் போய்ச் சரக்குக் கப்பலைப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் விமானத்தில் அனுப்புவார்கள். அந்தச் செலவை அவன் பில்லில் கழிப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாதிருக்கலாம்: திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்பது காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை, அதுவே அங்கு சாதாரண நாள். ஞாயிறு ஒன்றே இடைவெளி. அதை எடுத்துவிட்டால் ஒருவன் இருபது நாள் தொடர்ந்து தைக்கிறான். பத்து நாளுக்கு மேல் ஒரு முழு விடுமுறை இல்லாமல் எவரிடமும் தொடர்ந்து வேலை வாங்கலாகாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்திருந்தது.

"நான் அஞ்சு நாள் இல்லாம இருக்கணும்னா அவங்க இருந்துதானே ஆகணும்?" என்றான். பிறகு, சற்றுக் கோபமாக, "நீங்க தியானத்துக்குப் போனா உங்க பூசையை இன்னொரு சாமியார் வைக்கிறாருல்ல? அம்மா தீபாவளிக்கு ரெஸ்ட் எடுத்து நீங்க பாத்திருக்கீங்களா?"

அவன் கேட்டது நியாயம். ஒருவர் ஓய்வு மற்றொருவர் உழைப்பின்மேல் நிற்பதை எவராலும் மாற்ற இயலாது. நான் உண்ட மதிய உணவைச் சமைத்தவர் இருந்தார். நான் உறங்கப் போகும் நேரத்தில் கப்பலைச் செலுத்துபவர் விழித்திருக்க வேண்டும். ஆகவே, பிறர் உழைக்கையில் நான் ஓய்வெடுப்பது பாவமா என்று கேட்பது பொருந்தாக் கேள்வி. அப்படியானால் பொருந்தும் கேள்வி எது?

குருமடத்தில் மெய்யியல் கற்றபோது அரிஸ்டாட்டிலின் ‘அரசியல்’ நூலில் ஓர் இடம் என்னைக் கவர்ந்தது. நாடாவானது தானே நெய்யுமானால், யாழ் தானே இசைக்குமானால், எசமானர்க்கு அடிமைகள் தேவைப்படார் என்னும் கருத்தை அவர் அங்கே உரைக்கிறார். ஓய்வே வாழ்வின் சிறந்த பகுதி என்று கருதிய அவர், அந்த ஓய்வு சிலருக்கே உரியது என்பதையும் ஏனையோர் அதைத் தாங்கும் கருவிகள் என்பதையும் கூச்சமின்றி ஏற்றுக்கொண்டார். ஓய்வைக் குறிக்கும் ‘ஸ்கோலே’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்தே பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் பிறந்தன. (நம் ‘பள்ளி’யும் உறங்கும் இடத்தையும் கற்கும் இடத்தையும் ஒருங்கே குறிப்பது நினைத்து மகிழத்தக்கது.) ஜெர்மானிய மெய்யியலார் யோசப் பீப்பர் 1948-இல் வெளியிட்ட நூலில் இந்த ஓய்வையே பண்பாட்டின் அடித்தளம் என்று போற்றினார். குருமாணவனாக நான் அதைப் படித்து மயங்கியதுண்டு.

ஆனால் அரிஸ்டாட்டில் அருள்புரத்துக்கு வந்திருந்தால் திகைத்திருப்பார். எங்கள் ஊரில் நாடா தானே நெய்கிறது. வட்ட வடிவ நிட்டிங் இயந்திரங்கள் நூலை வாங்கிக்கொண்டு இரவெல்லாம் துணியைச் சுருட்டித் தருகின்றன. ஒருவர் நடந்து பார்த்துக்கொண்டால் போதும். ஆயினும் அடிமைத்தனம் அகலவில்லை. அது அடுத்த மேசைக்கு, ஓவர்லாக் இயந்திரத்தின் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. இயந்திரம் வேகமாக நெய்தால் கை வேகமாகத் தைக்க வேண்டும், அவ்வளவே. கருவி ஓய்வைத் தரும் என்று நம்பியது பிழை. ஓய்வைப் பங்கிடுவது வேறொன்று.

அந்த வேறொன்றுக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. தாத்தா சொன்ன சொல்லேதான். முறை. அச்சொல்லை நாம் எத்தனை பொருளில் வழங்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்தடுத்து வரும் தடவைக்கும் முறை என்கிறோம். உறவைக் குறித்து அழைப்பதற்கும் முறை என்கிறோம். செங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் அரசன் வழங்கும் நீதிக்கும் அச்சொல்லையே வழங்குகிறார். மூன்றும் மூன்றல்ல என்று எனக்குப் படுகிறது. பல்லடம் பகுதி உழவர் இதை விளக்கமின்றியே அறிவர். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மண்டலத்துக்கு நீர் விடும்போது மற்ற மூன்றும் காத்திருக்கும். தன் வயல் காய்கையில் அடுத்தவன் வயலில் நீர் பாய்வதைக் காணும் உழவன் அதை அநீதி என்பதில்லை. தன் முறை வரும் என்று அறிந்திருக்கிறான். அதே உழவன், தன் முறை நீரை மேல்மடையில் ஒருவன் திருப்பிக்கொண்டான் என்றால் மண்வெட்டியோடு எழுவான்.

ஓய்வும் வாய்க்கால் நீர் போன்றதே. என் அறைப் பணியாளர் உழைக்கையில் நான் ஓய்வெடுத்தேன்; ஆனால் இரண்டு மாதத்தில் அவர் முறை வரும், அவர் தம் மகளைத் தூக்குவார். கடல்தொழிலாளருக்கென 2006-இல் வகுக்கப்பட்டு 2013-இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக உடன்படிக்கை, எந்த இருபத்து நான்கு மணி நேரத்திலும் பத்து மணி நேரமாவது, எந்த ஏழு நாளிலும் 77 மணி நேரமாவது அவருக்கு ஓய்வு வேண்டும் என்கிறது. இந்தியா அதை 2015-இல் ஏற்றது. அது தாராளமான ஓய்வு என்று நான் கூறமாட்டேன். ஆனாலும் ஒரு முறை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. என் தம்பியின் மேசைகளில் அமர்ந்திருந்தோருக்கு நேற்றைய ஞாயிறு போயிற்று. வரும் ஞாயிறும் போகப் போகிறது. அவர்களுடைய முறையை மேல்மடையில் திருப்பியவன் அவன். அந்த நீரில் குளித்துக்கொண்டிருந்தவன் நான்.

இதை அவனிடம் சொன்னேன். இத்தனை சொற்களில் அன்று. மண்வெட்டி உவமை மட்டும் சொன்னேன். அவன் சற்று நேரம் கடலைப் பார்த்தான். பிறகு சூப்பர்வைசரை மீண்டும் அழைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஓட்ட வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று கேட்டான். மறுமுனையில் வந்த விடையை எனக்கும் கேட்கும்படி வைத்தான். "பசங்களே ஓட்டுறேங்கிறாங்க சார். ஞாயித்துக்கிழமைன்னா டபுள் சம்பளம். ரூம்ல சும்மா உக்காந்து என்ன பண்றதுங்கிறாங்க."

"கேட்டுக்கிட்டீங்களா அண்ணே?" என்றான் தம்பி. ஏளனமாக அன்று, உண்மையாகவே விடை வேண்டிக் கேட்டான்.

நான் கற்ற இறையியல் முழுவதும் அங்கே ஒரு கணம் வாயடைத்து நின்றது. விரும்பி உழைப்பவனைத் தடுக்க நான் யார்? எட்டுப் பேர் தங்கும் தகரக் கூரை அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எப்படி இருக்கும் என்பதை நான் அறிவேன். வீடு சந்திப்புக்குச் சென்றிருக்கிறேன். அங்கு கழியும் ஓய்வைவிட மின்விசிறியின் கீழ் கிடைக்கும் இரட்டைச் சம்பளம் மேல் என்று அவர்கள் கணக்கிட்டால் அது பிழையான கணக்கு அன்று. அந்தப் பணம் யாரோ ஒரு தங்கையின் திருமணத்துக்குப் போகிறது.

ஆனால் சற்றே நிதானித்தபோது வேறொன்று புலப்பட்டது. விடுதலைப் பயண நூலில் ஓய்வுநாள் ஓர் அறிவுரையாக வழங்கப்படவில்லை, கட்டளையாக வழங்கப்பட்டது. அதுவும் வீட்டுத் தலைவனுக்கு மட்டுமன்று. அவன் பணியாளனுக்கும் பணிப்பெண்ணுக்கும் கால்நடைக்கும் ஊரில் தங்கியிருக்கும் அந்நியனுக்கும் சேர்த்து. இணைச்சட்ட நூல் இதற்குக் காரணமும் கூறுகிறது: எகிப்தில் நீங்களும் அடிமைகளாக இருந்தவர்களே என்பதை மறவாதீர்கள் என்று. ஏன் கட்டளையாக்க வேண்டும்? மனிதன் இயல்பாகவே ஓய்வை நாடுபவன் ஆயிற்றே! விடை அந்தச் செல்பேசிக் குரலிலேயே இருந்தது. விருப்பத்துக்கு விட்டால் ஏழை தன் ஓய்வை விற்றுவிடுவான். விற்பதற்கு அவனிடம் மிஞ்சியிருப்பது அதுவே. வாங்குவதற்கு ஆள் எப்போதும் இருப்பான். ஆகவேதான் விற்கமுடியாத பொருளாக அதை ஆக்கி வைத்தார்கள் முன்னோர். ஞாயிற்றுக்கிழமைக்கு இரட்டைச் சம்பளம் என்பது நீதி போலத் தோன்றும் ஒரு விலைச்சீட்டு. விடுமுறையும் வேண்டும், அன்றைய கூலியும் வேண்டும் என்று அவர்கள் கேட்கக் கூடிய நிலையில் இருந்திருந்தால் எதைத் தேர்ந்திருப்பார்கள்? அந்தக் கேள்வியை அவர்களிடம் எவரும் கேட்டதில்லை. மறையுரையில் ஓய்வுநாளைப் பற்றி ஆண்டுதோறும் பேசும் நானும் கேட்டதில்லை. என் மறையுரைகள் கோவிலுக்கு வராதவரைக் கடிந்தன. வரவிடாதவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார், என் தம்பியும் உட்பட.

இதையும் அவனிடம் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் சிக்னல் அறுந்துவிட்டது. பணம் கட்டினால் கப்பலிலேயே இணையம் உண்டு என்று அறிந்து அவன் வரவேற்பு மேசையை நோக்கிப் போனான். பெட்டிகள் கதவருகே வந்து நின்றன. தம்பி மனைவியும் பிள்ளைகளும் இரவு உணவுக்கு உடை மாற்றினர். உணவுக்கூடத்தில் எத்தனை வகை இனிப்பு என்று தம்பி மகன் எண்ணிச் சொன்னான். நான் அவற்றுள் மூன்றைத் தின்றேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

இரவு விளக்கணைத்த பின் கப்பலின் மெல்லிய அதிர்வு மட்டும் கட்டிலில் கேட்டது. என் குருத்துவ அருட்பொழிவு நாளிலிருந்து என்னைச் ‘சாமி’ என்றே அழைத்து வந்த அம்மா இருட்டில், "பெரியவனே, தூங்கிட்டியா?" என்றார். "சின்னவன் மேல இருந்து விழுந்துர மாட்டானே?" என்று அடுத்துக் கேட்டார். இல்லை அம்மா, கம்பி இருக்கிறது என்றேன். மேலே செல்பேசியின் வெளிச்சம் கூரையில் நீலமாகத் தெரிந்தது. தம்பி அந்தக் குறுகிய படுக்கையில் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தான். நெடுநேரம் கழித்து அவன் குரல் வந்தது.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு மணியோட நிறுத்தச் சொல்லி அனுப்பிட்டேன்."

"மீதி அரை நாளுக்குச் சம்பளம்?" என்றேன்.

வெளிச்சம் அணைந்தது. விடை வரவில்லை. அம்மா சன்னல் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.